வேலை இருக்குது, கூலியும் வருது, அப்பறம் ஏனுங்க குடும்பம் தேற மாட்டேங்குது?

பேரேடு (திருப்பூர்)

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாக்கறேனுங்க. சனிக்கெழமை பொழுதோட சம்பளக் கவர் போடறது என்ற சோலி. கொங்கு நாட்டுக்கு வந்துட்டா பட்டினி இல்ல, கையுங்காலும் நல்லா இருந்தா பொழைச்சுக்கலாம்னு ஒரு பேச்சு இருக்குதே, அது பொய்யில்லீங்க, பீகார்லருந்தும் ஒடிசாவுலருந்தும் ரயில்ல நின்னுக்கிட்டே வர்றாங்கன்னா சும்மாவா வர்றாங்க. ஆனா நான் வாராவாரம் பாக்கறது என்னன்னா, கவரை வாங்கிட்டு கேட்டுக்கு வெளிய வந்தா அங்க பைக் மேல நோட்டோட பைனான்ஸ் பசங்க ஒக்காந்திருக்காங்க, அங்க கொஞ்சம், மளிகைக்கடைப் பாக்கி கொஞ்சம், குழு லோன் தவணை கொஞ்சம், வீடு போய்ச் சேர்றப்ப கவர்ல பாதி கூட இருக்கறதில்ல. திங்கக்கெழமை மத்தியானமே சார் ஒரு ஐநூறு அட்வான்ஸ் கெடைக்குமான்னு வந்து நிக்கறாங்க.

ஊருப்பக்கம் போனாலும் இதே தான். எங்க ஊரு குண்டடம் பக்கம். ஒறம்பரைல நாலு ஏக்கரா மானாவாரிக் காடும் ரெண்டு எருமையும் வெச்சிருக்கறவங்களும் கடன்ல, காடே இல்லாம களை வெட்டப் போறவங்களும் கடன்ல. டவுன்ல ஒரு குடும்பம் நொடிக்கறதுக்கும் ஊர்ல நொடிக்கறதுக்கும் காரணம் ஒண்ணா வேறயா? குடிச்சுக் கெட்டான், சோம்பேறின்னு ஒத்த வரில முடிக்காம கண்ணுல பாத்ததைச் சொல்லுங்க.

வாத்தியார்_ஓய்வு (கோபி)

முடிக்காதீங்கன்னு நீங்க சொன்னாலும் அதை வுட்டுட்டுப் பேச முடியாதுங்க தம்பி. 2003ல மதுச் சில்லறை வியாபாரத்தை டாஸ்மாக் கையில குடுத்தாங்க, அன்னைலருந்து கூலிக்காரன் கூலி எந்தப்பக்கம் போகுதுன்னு பொழுதோட கடை வாசல்ல நின்னு பாத்தாலே தெரியும். பள்ளிக்கூடத்துல மத்தியான சோத்துக்காகவே வந்த புள்ளைங்களை நான் பாத்திருக்கறேன், அவங்கப்பனுக்கு வேலை இல்லாம இல்ல.

இன்னொண்ணு சீரு. காதுகுத்து, தெரட்டி, கல்யாணம், எழுதிங்கள்னு ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. முன்ன வாசல்ல பந்தல் போட்டு முடிச்சதை இப்ப மண்டபம், பிளக்ஸ், ட்ரோன் கேமரான்னு ஆக்கிட்டாங்க, மொய் வந்து கடனை அடைச்சிரும்னு நெனைக்கறாங்க, அந்த மொய்யை நாளைக்கு திருப்பி எழுதோணும்ங்கறது நெனப்புல இருக்கறதில்ல. கீழ்பவானி வாய்க்கால் தண்ணி பாயற ஊருலயே இப்படின்னா தண்ணி பழி, விலை பழின்னு சொல்லி என்ன பண்றது.

ஓவர்லாக்_அக்கா (திருப்பூர்)

வாத்தியார் சாருக்கு வணக்கமுங்க. குடி இல்லைன்னு நான் சொல்லல, எங்க லைன்லயே ராத்திரியானா சத்தம் கேக்குது. ஆனா என்ற வீட்டுக்காரர் டீ கூட கணக்குப் பாத்துக் குடிக்கற ஆளு, சீரு செய்ய எங்களுக்கு இன்னும் புள்ளைக்கு வயசும் ஆகல, நாங்களும் அதே கடன்ல தான் இருக்கறோம், அதுக்கு என்னங்க சொல்றீங்க?

நான் ஓவர்லாக் மெஷினு, அவர் கட்டிங். ரெண்டு பேருமே பீஸ் ரேட்டு, காண்ட்ராக்ட்ல. ஆர்டர் இருந்தா ஒன்றரை ஷிப்ட்டு, நின்னு தண்ணி குடிக்க நேரமிருக்காது, ஆர்டர் இல்லீன்னா மத்தியானமே போயிட்டு வாங்கம்மாம்பாங்க. மாசச் சம்பளம் எவ்வளவுன்னு பள்ளிக்கூட பார்ம்ல கேட்டிருந்தாங்க, என்ன எழுதறதுன்னே தெரியல, ஒரு மாசம் வந்தது அடுத்த மாசம் வராது. 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்காக்காரன் வரியை 50 சதவீதம் ஆக்குனானே, அப்ப பெரிய பெரிய மொதலாளிக டிவில பேசுனாங்க, எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் வாரத்துல மூணு நாள் வேலைங்கறது தான். வாடகையை மட்டும் மூணு நாள் கணக்குக்கு யாரும் வாங்கிக்க மாட்டாங்க, அஞ்சாம் தேதி முழுசா எண்ணி வெக்கோணும்.

லைன் வீடு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஒரே நீளமா ஷீட் கூரை, அதுக்கடியில வரிசையா ரூமு, ஒரு ரூமு ஒரு குடும்பம், கக்கூஸ் எல்லாருக்கும் பொது. கரண்ட் மீட்டர் ஓனர் பேர்ல. 2016லருந்து வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்ங்க, அந்த இலவசம் எங்க ரூமுக்குள்ள வந்ததே இல்ல, ஓனரு சப் மீட்டர் பாத்து யூனிட்டுக்கு 10 ரூபா எழுதிட்டுப் போறாரு. சொந்த வீடு இருக்கறவங்களுக்கு இல்லாத செலவு எனக்கு, சம்பளம் அவங்களை விட கம்மி எனக்கு. 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச உரிமைத்தொகை 1000 வருது, பொய் சொல்லக்கூடாது, கேஸுக்கும் பருப்புக்கும் அதுதான். டவுன் பஸ்ஸும் பொம்பளைகளுக்கு இலவசம். அதுகூட இல்லீன்னா இன்னும் கெரகம்.

புள்ளிக்கணக்கு (கோயமுத்தூர்)

அக்கா சொன்னதுக்கு ஒரு நம்பரைப் பக்கத்துல வெக்கறேன். மத்திய அரசோட நிதி ஆயோக் 2023ல வெளியிட்ட பலபரிமாண வறுமை அறிக்கைல தமிழ்நாட்டுல ஏழைங்க 2015-16ல 4.76 சதவீதம், 2019-21ல 2.20 சதவீதம். சந்தோசமான விஷயம் தான், மறுக்கல, ரேசனும் சத்துணவும் ஆரம்ப சுகாதார நிலையமும் பண்ணுன வேலை அது. ஆனா அதுல பாக்கறது 12 விஷயம், சத்துக்குறைவு இருக்குதா, புள்ளை பள்ளிக்கூடம் போகுதா, கேஸ் அடுப்பு, கக்கூஸ், குடிதண்ணி, கரண்ட், வீடு, பேங்க் அக்கவுண்ட்டுன்னு. ஓவர்லாக் அக்கா குடும்பத்தை இதுல நிறுத்துனா அனேகமா எல்லாத்துலயும் பாஸ். கடன் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு அதுல கட்டமே கெடையாது, வாடகைக்கும் கெடையாது.

பழைய டெண்டுல்கர் கமிட்டி போட்ட வறுமைக்கோடு இன்னும் மோசம். 2011-12ல தமிழ்நாட்டு டவுன்ல ஆளுக்கு மாசம் 937 ரூபாக்கு மேல செலவு பண்ணுனா ஏழை இல்ல, கிராமத்துல 880. எந்த டவுன்ல எவன் வாடகை குடுத்து அப்படி இருந்தான்னு தெரியல. செலவை வெச்சு அளக்கறதுல இன்னொரு கூத்து இருக்குது, வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டுனாலும் அதுவும் செலவு தான், அந்த மாசம் அந்தக் குடும்பம் கணக்குல வசதியாயிரும்.

2022-23 செலவு சர்வேல தமிழ்நாட்டு சராசரி ஆளுக்கு மாசம் கிராமத்துல 5,310, டவுன்ல 7,630. நாலு பேரு குடும்பம்னா டவுன்ல முப்பதாயிரத்துக்கு மேல. அக்கா, உங்க லைன்ல இது எத்தனை வீட்டுக்குப் பொருந்துமுங்க?

குசும்பன்

அப்ப போன மாசம் நான் பணக்காரன். பைக் எஞ்சின் காலி, அம்மாளுக்கு கண் ஆப்பரேசன்.

தறிச்சத்தம் (பல்லடம்)

எங்க கதை வேற மாதிரிங்க. ஊருக்கு நாங்க மொதலாளி. எட்டு தறி, சொந்தக் கொட்டாய். பாவும் நூலும் ஜவுளிக்காரர் குடுப்பாரு, நாங்க துணியா நெய்து குடுத்துட்டு மீட்டருக்கு கூலி வாங்கிக்கறது. 2014க்கு அப்பறம் கூலி ஏறல, 2021 நவம்பர்ல மந்திரிக முன்னால பேசி சோமனூர் ரகத் துணிக்கு 23, மத்த ரகத்துக்கு 20 சதவீதம்னு அறிவிச்சாங்க, கையில வரல, 2022 ஜனவரில தறியை நிறுத்துனோம். 2025லயும் அதே மாதிரி நிறுத்தி ஒக்காந்தோம். நிறுத்துனா யாருக்கு நஷ்டம்? ஜவுளிக்காரர் குடோன்ல துணி கெடக்குது, அவரு பொறுப்பாரு. எனக்கு தறி ஓடலீன்னா லோன் தவணை ஓடும். நடுவுல 2022 செப்டம்பர்ல கரண்ட் கட்டணம் ஏறுச்சு. என்ற பங்காளி நாலு தறியை ஒடைச்சு எடைக்குப் போட்டுட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போறாரு. மொதலாளின்னு பேரு இருந்ததுனால நூறு நாள் வேலைக்கும் போகக் கூச்சம், போனா ஊர்ல சிரிப்பாங்களாம்.

எங்களுக்கே இப்படி, எங்களுக்குக் கீழ தறி ஓட்டறவங்களைச் சொல்லவே வேண்டாம். பள்ளிபாளையம் குமாரபாளையம் பக்கம் முன்பணம் வாங்கிட்டுத் தறிக்குப் போவாங்க, அந்த முன்பணம் தீர்றவரைக்கும் வேற தறிக்கு மாற முடியாது, கூலி பேச முடியாது, தீரவும் தீராது ஏன்னா நோம்பிக்கு ஒண்ணு சீக்குக்கு ஒண்ணுன்னு மேல மேல வாங்குவாங்க. 2025 ஜூலைல பள்ளிபாளையத்துல தறித் தொழிலாளிக கிட்னி வித்த விஷயம் வெளிய வந்துச்சே, அரசாங்கம் விசாரிச்சு, ஐகோர்ட்டு மதுரைக் கிளை சிறப்பு விசாரணைக் குழு போட்டதே, அவங்கெல்லாம் வேலை இல்லாதவங்க இல்லீங்க. தெனமும் ஷிப்ட்டுக்குப் போனவங்க.

ஆயிரமடி_போர் (பொங்கலூர்)

வாத்தியாரய்யா, வாய்க்கால் பாசனத்துல இருந்துட்டு தண்ணி பழின்னு சொல்லாதீங்க, மேட்டுப்பக்கம் வந்து பாருங்க. எங்கப்பாரு காலத்துல கெணத்துல கமலை இறைச்ச தண்ணி. நான் 1000 அடிக்கு போர் ஓட்டுனேன், தூசி தான் வந்துச்சு, மக்யா வருசம் வேற மூலைல இன்னொண்ணு, அதுல ரெண்டு இஞ்சு வந்துச்சு, 2016ல வடகெழக்கு மழை பொய்ச்சதுல அதுவும் போச்சு, தென்னை குருத்தோட சாஞ்சுது. போர் வண்டிக்காரன் தண்ணி வந்தாலும் வரலீன்னாலும் அடிக்கணக்குக்கு காசு வாங்கிக்கறான். நகையைக் குடுத்து ஓட்டுன போருங்க ரெண்டும். அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்ட்ல தொறந்து வெச்சாங்க, குளத்துக்கு தண்ணி வந்த ஊருகள்ள கெணறு ஊறுதுன்னு சொல்றாங்க, நல்லா இருக்கட்டும், எங்களுக்கு அது இல்ல.

தண்ணி இருந்தா மட்டும் தீந்துருச்சா. சின்ன வெங்காயம் வெக்கறோம். அறுத்த அன்னைக்கு எல்லாரும் அறுக்கறான், விலை தரைல கெடக்கும். பட்டறை போட்டு ரெண்டு மூணு மாசம் காத்தாட வெச்சா நல்ல விலை வரும், எல்லா விவசாயிக்கும் தெரிஞ்சது தான் இது. ஆனா களை வெட்டுன கூலி, மருந்துக்கடை பாக்கி, எல்லாம் அறுப்பன்னைக்கே காட்டுக்கு வந்து நிக்குது. பத்து ஏக்கரா வெச்சிருக்கற பக்கத்துக் காட்டுக்காரர் பட்டறை போடறாரு. நான் வயல் ஓரத்துலயே மூட்டை கட்டி யாவாரிக்கு ஏத்தறேன். அதே வெங்காயம், அதே மண்ணு.

தென்னை இருக்கறவங்க பொள்ளாச்சிப் பக்கம் நல்லா இருக்கறாங்கன்னு நெனைக்கறீங்களா, வெள்ளை ஈ, கேரள வாடல்னு மரத்தை வெட்டிட்டிருக்கறாங்க. கோழிப் பண்ணையும் அப்படித்தான், கம்பெனி குஞ்சும் தீவனமும் குடுக்குது, செட்டு நம்முது, லோன் நம்முது, வளக்கற கூலி கிலோவுக்கு இவ்வளவுன்னு அவங்க வெக்கறது தான்.

நொய்யல்_வால் (சென்னிமலை)

நொய்யல் ஆத்தை யாரும் சொல்லலியே. அதுல ஒரத்துப்பாளையம் அணை 1992ல பாசனத்துக்குன்னு கட்டுனது, திருப்பூர் சாயத்தண்ணி வந்து நெரம்பி எங்க காட்டையும் கெணத்தையும் கெடுத்துருச்சு. 2011 ஜனவரில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு, 700க்கும் மேல. அப்ப பட்டறைல வேலை பாத்தவங்க, நெறையப் பேரு எங்க பக்கத்துலருந்து காடு கெட்டுப்போய் அங்க வேலைக்குப் போனவங்க தான், அவங்களுக்கு வேலையும் போச்சு. டவுன் ஏழ்மை, கிராம ஏழ்மைன்னு பிரிச்சுப் பேசறீங்களே, ஒரே குடும்பத்துக்கு ரெண்டும் ஒரே தண்ணியில வந்துச்சு.

வாத்தியார்_ஓய்வு (கோபி)

நொய்யல்காரர் சொல்றது நாயந்தானுங்க. மஞ்சள்லயும் இப்படி பாத்திருக்கறோம், 2010 வாக்குல ஈரோட்டு மார்க்கெட்டுல விலை உச்சத்துக்குப் போகவும் வயலெல்லாம் மஞ்சள் வெச்சாங்க, ரெண்டு வருசத்துல விழுந்துச்சு, வட்டிக்கு வாங்கி வெச்சவன் எந்திரிக்கவே இல்ல. ஆனா குடியைப் பத்தி நான் சொன்னதை வுட்டுக் குடுக்க மாட்டேன். விழுந்த குடும்பம் எந்திரிக்காம போறதுக்கு அது ஒரு காரணம், பொம்பளைக வாயில கேட்டுப் பாருங்க.

காலனி_வக்கீல் (தாராபுரம்)

எல்லாரும் போனது வந்தது சொல்றீங்க, காடு போச்சு, நகை போச்சு, தறி போச்சு. போறதுக்கே ஒண்ணும் இல்லாத தெரு ஒண்ணு ஒவ்வொரு ஊருலயும் இருக்குதுங்க, அதை யாரும் எழுதலியேன்னு தான் வந்தேன். நான் அருந்ததியர். எங்க தாத்தா பண்ணையாளு, வருசக்கூலிக்கு ஒரே தோட்டத்துல. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல வந்துச்சு, ஆளை விடச் சொல்லுச்சு, நெலம் குடுக்கச் சொல்லல. ஊர்ல தண்ணி வத்துனப்ப காட்டுக்காரருக்கு காடு காஞ்சுது, எங்களுக்கு கூலி காஞ்சுது, ஆனா நிவாரணம் பயிருக்குத் தான் வரும், கூலிக்கு வராது.

கடன் வெசயத்துலயே பாருங்க. நெலம் இருந்தா கூட்டுறவுல பயிர்க்கடன், தவணைல கட்டுனா வட்டியே இல்ல. நகை இருந்தா நகைக்கடன், 2021ல அஞ்சு பவுனுக்குள்ள கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியும் ஆச்சு. எங்க தெருவுக்கு வர்றது குழு லோனும் தெனத் தண்டலும் தான். எவங்கிட்ட சொத்து இருக்குதோ அவனுக்கு வட்டி கம்மி, இல்லாதவனுக்கு வட்டி ஜாஸ்தி, இதுக்கு மேல காரணம் வேணுமா?

என்ற அக்கா பத்தாவது முடிச்சுட்டு மில்லு கேம்ப்புக்குப் போச்சு. மூணு வருசம் உள்ளயே தங்கி வேலை பாத்தா கடைசில மொத்தமா ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும்னு சொல்லித்தான் ஆள் புடிச்சாங்க, சுமங்கலித் திட்டம்னு பேரு வேற. அக்கா உடம்பு முடியாம மூணு வருசம் முடியறதுக்கு முன்னால திரும்பி வந்துருச்சு, அந்தத் தொகை வரல. நான் படிச்சது விடுதில, உதவித்தொகைல, 2009ல வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டுல. டாஸ்மாக் எங்க தெருவுலயும் இருக்குது சார், ஆனா எங்க தாத்தா காலத்துல டாஸ்மாக் இல்ல, அப்பவும் நாங்க ஏழை தான்.

பேரேடு (திருப்பூர்)

எல்லார்த்தையும் படிச்சேனுங்க. கணக்கெழுதறவன் பார்வைல ஒண்ணு தோணுது. வெங்காயக்காரர் பட்டறை போட முடியல, தறிக்காரர் ஸ்டிரைக்குல தாங்க முடியல, அக்கா மூணு நாள் வேலைல வாடகைக்கு முழிக்கறாங்க. ஊருலயும் டவுன்லயும் ஏழைங்கறவன் ஒரு மாசம் காத்திருக்க முடியாதவன். காசு மொத்தமா பாத்தா வருது, வேணுங்கற அன்னைக்கு இல்ல. அந்த இடைவெளியை அடைக்கத்தான் வட்டி. வக்கீல் தம்பி சொன்னதையும் இதோட சேத்துக்கறேன், காத்திருக்கற தெம்பு எங்கருந்து வருதுன்னா நெலத்துலருந்தும் நகைலருந்தும் தான், அது தாத்தா காலத்துலயே பிரிச்சாச்சு.

வட்டிக்கணக்கைப் பாருங்க. தண்டல்ல 10,000 எழுதுனா 1,500 புடிச்சுட்டு கையில 8,500 தர்றாங்க. தெனம் 100 வீதம் 100 நாளு. 1,500 தானேன்னு தோணும். ஆனா மொத நாள்லருந்தே அசலைத் திருப்பிட்டே வர்றோம், சராசரியா நம்ம கையில நிக்கறது அதுல பாதி தான். அப்படிப் பாத்தா வருசத்துக்கு 100 சதவீதத்தையும் தாண்டுது. எந்தத் தொழில்லயும் அந்த லாபம் இல்ல, அந்த வட்டியக் கட்டி எவன் மேல வருவான். எங்க கம்பெனில ஒருத்தருக்கு கர்ப்பப்பை ஆப்பரேசன், முதலமைச்சர் காப்பீட்டுல முடிஞ்சுது, ஆஸ்பத்திரிச் செலவு பெருசா இல்ல, ஆனா ரெண்டு மாசம் மெஷின்ல ஒக்கார முடியல, பீஸ் ரேட்டுங்கறதுனால அந்த ரெண்டு மாசமும் பூஜ்யம். இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, இருந்திருந்தா லீவுக்கு பாதிச் சம்பளத்துக்கு மேலயே வந்திருக்கும், 21,000 சம்பளம் வரைக்கும் சட்டப்படி போடோணும், காண்ட்ராக்டர் பேர்ல இருந்ததுனால போடல. அவங்க தண்டல் எடுத்தது அந்த ரெண்டு மாசத்துல தான்.

ஓவர்லாக்_அக்கா (திருப்பூர்)

அண்ணா அது நானா கூட இருக்கலாம், அத்தனை பேருக்கு நடக்குது. எனக்கு இப்ப குழு லோனு நாலு கம்பெனில ஓடுது, ஒண்ணைக் கட்ட இன்னொண்ணு எடுத்தது. குழுவுல ஒருத்தி ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா, அவ தவணையும் எங்க தலைல. வசூலுக்கு வர்றவரு ராத்திரி ஒம்போது மணிக்கு வாசல்ல ஒக்காந்துக்கறாரு, கட்டாம எந்திரிக்க மாட்டேங்கறாரு, பக்கத்து ரூம்காரங்க பாக்க அவமானமா இருக்குது. வக்கீல் தம்பி, இதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?

காலனி_வக்கீல் (தாராபுரம்)

இருக்குதுங்க்கா. எல்லாக் கடன் தவணையும் சேத்து குடும்ப மாச வருமானத்துல பாதிக்கு மேல போற மாதிரி மைக்ரோ பைனான்ஸ் லோன், அதான் இந்தக் குழு லோன், குடுக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022ல விதி போட்டிருக்குது. நாலாவது கம்பெனி உங்களுக்குக் குடுத்ததே அந்த விதிக்கு ஒத்து வருதான்னு கேக்கலாம். வாசல்ல ஒக்காந்து மெரட்டறதுக்கு 2025ல தமிழ்நாட்டுல தனிச் சட்டமே வந்துருச்சு, கட்டாய வசூல் பண்ணுனா குத்தம். அதுக்காக அசல் கட்ட வேண்டாம்னு அர்த்தம் இல்ல, அதையும் சொல்லிடறேன். மொதல்ல அஞ்சாவது லோன் எடுக்காதீங்க. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம் நடக்கும், மனு எழுதிக் குடுங்க, கூடவே போலீஸ் ஸ்டேசன்லயும் ஒரு மனு.

ஓவர்லாக்_அக்கா (திருப்பூர்)

திங்கக்கெழமை லீவு போட்டா அந்த வாரம் வருகைப் படி போயிருமேங்க. வீட்டுக்காரரை அனுப்பலாங்களா, லோன் எல்லாம் என்ற பேர்ல இருக்குது.

காலனி_வக்கீல் (தாராபுரம்)

உங்க கையெழுத்துப் போட்ட மனுவை அவரு கொண்டு போய்க் குடுக்கட்டும், கூப்புட்டா நீங்க போயிக்கலாம். நாலு கம்பெனி லோன் கார்டும் ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், வாரம் எவ்வளவு கட்டறீங்கன்னு ஒரு தாள்ல எழுதுன கணக்கு. பேரேடு அண்ணன் அந்தக் கணக்கை எழுதித் தருவாருன்னு நெனைக்கறேன். மனு வாங்குனா நம்பர் போட்டு ரசீது தருவாங்க, அதை வாங்காம வரச் சொல்லாதீங்க.

பேரேடு (திருப்பூர்)

தனிச் செய்தில லோன் கார்டு போட்டோ அனுப்புங்கக்கா, பேரை மறைச்சுட்டு. ஞாயித்துக்கெழமை எழுதித் தர்றேன். வருகைப் படிக்கு நம்ம கம்பெனியா இருந்தா நானே சொல்லிருவேன், எந்தக் கம்பெனின்னு இங்க போட வேண்டாம்.